கந்தகமும் எரியும், ஆனால் கால் கூலிக்கு

தீக்குச்சியை உரசிய முதல் நொடியில் மூக்கில் ஏறுகிற காரமான நெடி இருக்கிறதே, அது கந்தகம் எரிந்த நெடி. சாத்தூர், கோவில்பட்டிப் பக்கம் குச்சி முனைக்குத் தோய்க்கும் மருந்தில் கந்தகமும் ஒரு சரக்கு. ஆக, கந்தகம் எரியுமா என்ற கேள்விக்குத் தீப்பெட்டியே பதில் சொல்லிவிடுகிறது. எரியும். ஒரு சிட்டிகைக் கந்தகத்தூளை இரும்புக் கரண்டியில் வைத்துச் சூடாக்கினால் முதலில் தேன் மாதிரி உருகும், அப்புறம் மெல்லிய நீலச் சுடர் அதன் மேல் தவழும். பகல் வெளிச்சத்தில் எரிவதே கண்ணுக்குத் தெரியாது. வீட்டில் செய்து பார்க்க வேண்டாம், அந்தப் புகை நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. நிலக்கரியும் ஃபர்னஸ் ஆயிலும் (பாய்லரில் எரிக்கும் கனமான எண்ணெய்) வாங்கிப் புழங்குகிற இடங்களில் கந்தகத்தைப் பற்றி இரண்டு கட்சிகள் இருக்கும். ஒரு கட்சிக்குக் கந்தகமும் சாம்பலும் ஒன்று. இரண்டும் குப்பை, எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு சூடு போச்சு. இன்னொரு கட்சி பட்டாசு பார்த்து வளர்ந்தது. அதுவும் எரிகிற பொருள்தானே, இருந்தால் இன்னும் நன்றாக எரியும் அல்லவா என்று கேட்கும். இரண்டு பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எவ்வளவு கொஞ்சம் என்பதுதான் விஷயம்.

ஒரு கிலோ எரிபொருளை முழுதாக எரித்தால் கிடைக்கும் சூட்டைத்தான் வெப்ப மதிப்பு என்கிறோம். பாய்லர்க்காரர்கள் அதைக் கிலோகலோரியில் சொல்வார்கள். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற ஆகிற அளவு ஒரு கிலோகலோரி. புத்தகங்களில் மெகாஜூல் என்று வரும். ஒரு மெகாஜூல் என்பது சுமார் 239 கிலோகலோரி.

நிலக்கரியோ எண்ணெயோ, எரிகிற சரக்கு மூன்றுதான்: கார்பன், ஹைட்ரஜன், கந்தகம். ஒரு கிலோ கார்பன் முழுதாக எரிந்தால் கிட்டத்தட்ட 32.8 மெகாஜூல் தரும். ஒரு கிலோ ஹைட்ரஜன் 142 தரும். ஒரு கிலோ கந்தகம் 9.3. அதாவது கார்பன் தருவதில் கால் பங்குக்குச் சற்று மேல், ஹைட்ரஜன் தருவதில் பதினைந்தில் ஒரு பங்கு.

கந்தகம் ஏன் இவ்வளவு சோம்பேறி? உண்மையில் அது சோம்பேறி இல்லை, உடம்பு கனம். கார்பன் 12 கிராமில் எத்தனை அணு இருக்கிறதோ, கந்தகம் 32 கிராமில்தான் அத்தனை அணு இருக்கும். அந்த 12 கிராம் கார்பன் எரிந்தால் 394 கிலோஜூல். 32 கிராம் கந்தகம் எரிந்தால் 297 கிலோஜூல். அணுவுக்கு அணு வைத்துப் பார்த்தால் முக்கால் பங்கு வேலை செய்கிறது. மோசமில்லை. ஆனால் எரிபொருளை நாம் அணுக்கணக்கில் வாங்குவதில்லை, எடைபோட்டு வாங்குகிறோம். தராசில் ஏறியதும் கந்தகத்தின் வண்டவாளம் தெரிந்துவிடுகிறது. ஹைட்ரஜன் ஜெயிப்பதும் இதே தராசில்தான், அதைவிட லேசான அணு கிடையாது.

இந்த மூன்றையும் ஒரே வரியில் கட்டிப்போட்ட சூத்திரம் ஒன்று இருக்கிறது. பிரெஞ்சு வேதியியலாளர் பியர் லூயி துலோங் பெயரில் வழங்குவது. அவர் 1838இல் இறந்துபோனார், சூத்திரம் இன்னும் நம் ஊர் பாய்லர் புத்தகங்களில் உயிரோடு இருக்கிறது. கார்பனுக்குக் கிலோவுக்கு 8,080 கிலோகலோரி, ஹைட்ரஜனுக்கு 34,500, கந்தகத்துக்கு 2,240. அவரவர் சதவீதத்தால் பெருக்கிக் கூட்டிக்கொள்ள வேண்டியது. எரிபொருளுக்குள்ளேயே ஆக்சிஜன் இருந்தால், அதன் எடையில் எட்டில் ஒரு பங்கை ஹைட்ரஜனிலிருந்து முதலில் கழித்துவிட வேண்டும். அவ்வளவு ஹைட்ரஜன் ஏற்கெனவே எரிந்ததற்குச் சமம். இன்றைய துல்லியமான அளவீடுகளில் இந்த எண்கள் கொஞ்சம் கீழே வருகின்றன (கார்பன் 7,830 போல, கந்தகம் 2,210 போல). மனக்கணக்குக்குத் துலோங் போதும்.

கணக்கு ஒன்று போட்டுவிடுவோம். சுத்தமான கரி ஒரு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள்: 8,080. அதில் 5 சதவீதத்தை எடுத்துவிட்டுக் கந்தகத்தை வைக்கிறோம். மீதிக் கரி 7,676 தரும், கந்தகம் தன் பங்குக்கு 112 தரும். மொத்தம் 7,788. போனது 292 கிலோகலோரி, நூற்றுக்கு 3.6. அதே 5 சதவீதம் சாம்பலாக இருந்திருந்தால்? சாம்பல் ஒன்றுமே தராது, 7,676தான்.

ஆக, எண்ணளவில் கந்தகம் செய்வது இரண்டு வேலை. நல்ல கூலிக்காரன் நிற்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்த இடத்தில் கால் கூலிக்கு வேலை செய்கிறது. குப்பைக் கட்சிக்காரர்கள் இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள், பட்டாசுக் கட்சிக்காரர்கள் முதலாவதை.

இனி இதே கணக்கை வைத்துக்கொண்டு நிஜ நிலக்கரிகளைப் பார்த்தால் தலை சுற்றும். அசாமில் மார்கெரிட்டா பக்கம், மாகும் வயல் நிலக்கரியில் கந்தகம் 2 முதல் 6 சதவீதம் வரைகூட இருக்கும். ஒடிசாவின் தால்ச்சரில் அரை சதவீதத்தைச் சுற்றி. பாரதீப்பில் கப்பலேறி எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வந்து நம் மின்நிலையங்களில் எரிகிற சரக்கில் தால்ச்சர் நிலக்கரியும் உண்டு. கந்தகம் கூடினால் சூடு குறையும் என்றால் தால்ச்சர் அல்லவா ஜெயிக்க வேண்டும்? நடப்பது நேர்மாறு. அசாம் நிலக்கரி கிலோவுக்கு 6,000 கிலோகலோரியைத் தாண்டிப் போகும். தால்ச்சர் 4,000-ஐ எட்டவே மூச்சு வாங்கும். காரணம் சாம்பல். அசாம் நிலக்கரியில் சாம்பல் குறைவு. தால்ச்சரில் நூற்றுக்கு 35, 40 என்று போகும். ஒரு லாரி நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மண்ணாக இருக்கும்போது, கந்தகத்தின் மூன்று நான்கு சதவீதத்தைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்? நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் வில்லன் வேறு. அதில் பாதி தண்ணீர்.

பெட்கோக் இன்னும் வேடிக்கை. கச்சா எண்ணெயின் அடி மண்டியிலிருந்து வருகிற இந்தக் கரியில் கந்தகம் 6, 7 சதவீதம்கூட ஏறும், ஆனால் சாம்பல் அநேகமாக இல்லாததால் வெப்ப மதிப்பு 8,000-க்குப் பக்கத்தில் நிற்கும். சிமெண்ட் ஆலைக்காரர்கள் அதை விரும்பி வாங்குவது அதனால்தான். சூளைக்குள் இருக்கும் சுண்ணாம்பே கந்தகத்தில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்கிறது, அது சிமெண்டோடு போய்விடுகிறது. மற்றவர்களுக்கு அந்த வசதி கிடையாது. உச்ச நீதிமன்றம் 2017இல் டெல்லியைச் சுற்றிய மாநிலங்களில் பெட்கோக்கையும் ஃபர்னஸ் ஆயிலையும் தடுத்தபோது, பிறகு சிமெண்டுக்கு விலக்கு வந்ததன் ரகசியம் இந்தச் சுண்ணாம்பு.

எனவே இரண்டு வேறு ஊர்ச் சரக்குகளை வைத்துக்கொண்டு, கந்தக எண்ணை மட்டும் பார்த்து, இதில் சூடு அதிகம் அதில் குறைவு என்று சொல்லவே முடியாது. மற்றதெல்லாம் சமமாக இருந்தால் மட்டுமே நம் கணக்கு செல்லும். மற்றதெல்லாம் சமமாக இருப்பது பள்ளிப் பாடப்புத்தகத்தில் மட்டும்தான் நடக்கும்.

நிலக்கரிக்குள் கந்தகம் எந்த வேஷத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். அசாமில் பெரும்பாலும் கார்பனோடு பின்னிப் பிணைந்து கிடக்கிறது, கழுவினாலும் போகாது. வேறு சில நிலக்கரிகளில் பைரைட்டாக, அதாவது இரும்போடு சேர்ந்து, பொன் நிறத்தில் மினுக்கிக்கொண்டு இருக்கும். தங்கம் என்று ஏமாந்தவர்கள் உலகமெங்கும் உண்டு. பைரைட்டும் எரியும், கிலோவுக்குச் சுமார் 1,600 கிலோகலோரி தரும். எரிந்து முடிந்தபின் இரும்புத் துரு சாம்பலாக மிஞ்சும். இது நிலக்கரியைப்போல மூன்று நான்கு மடங்கு கனம் என்பதால் தண்ணீரில் அலசிப் பிரித்துவிடலாம். பிரிக்காமல் முற்றத்தில் குவித்து வைத்தால், மழை ஈரமும் காற்றும் பட்டு அங்கேயே மெதுவாக ஆக்சிஜனேற்றம் அடையும். அப்போதும் சூடு வரும், ஆனால் யாருக்கும் பயனில்லாமல். குவியல் தானே புகைய ஆரம்பிப்பதற்கு உள்ள காரணங்களில் இதுவும் ஒன்று.

சரி, இந்த எண்களை எல்லாம் எப்படி அளக்கிறார்கள்? இங்கேதான் கந்தகம் ஒரு சின்னத் திருட்டு வேலை செய்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

பாம் கலோரிமீட்டர் என்று ஒரு கருவி. ஒரு கையில் தூக்கலாம், ஆனால் கனமான எஃகுக் குடுவை. மூடி மரை போட்டு இறுகும். ஒரு கிராம் நிலக்கரித் தூளைச் சின்னக் கிண்ணத்தில் வைத்து, அதைத் தொட்டபடி மெல்லிய நிக்ரோம் கம்பி கட்டி, அடியில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மூடி, உள்ளே 30 வளிமண்டல அழுத்தத்துக்கு ஆக்சிஜன் ஏற்றுவார்கள். குடுவையைத் தண்ணீர் வாளிக்குள் இறக்கிப் பொத்தானை அழுத்தினால் கம்பி பழுத்து, கரி ஒரு நொடியில் எரிந்து தீர்ந்துவிடும். வெளியே சத்தமே கேட்காது. தண்ணீரின் வெப்பம் இரண்டு மூன்று டிகிரி ஏறுவதை மட்டும் பார்க்கலாம். எவ்வளவு ஏறியது என்பதிலிருந்து வெப்ப மதிப்பு. கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க பென்சாயிக் அமில வில்லையை எரிப்பார்கள். அது எப்போதும் கிராமுக்கு 26.4 கிலோஜூலைச் சுற்றித்தான் தரும், எடைக்கல் மாதிரி.

முடிந்ததும் வாயுவை மெதுவாகத் திறந்துவிட்டு, குடுவையின் உட்சுவரை வாலை வடிநீரால் அலசி எடுத்துப் பாருங்கள். தண்ணீர் போலத்தான் தெரியும். அமிலத்தைக் காட்டிக்கொடுக்கும் சாயமான மெத்தில் ஆரஞ்சு ஒரு சொட்டு விட்டால் சிவந்துவிடும். கொஞ்சம் பேரியம் குளோரைடு சேர்த்தால் பால் திரிந்த மாதிரி வெள்ளையாகக் கலங்கும். அது கந்தக அமிலம் இருக்கிறது என்பதற்கான சாட்சி. முதல் தடவை இதைச் செய்தபோது, கரியிலிருந்து இவ்வளவு வெள்ளை வருகிறதே என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இதில் திருட்டு எங்கே? பாய்லரில் கந்தகம் எரிந்தால் கந்தக டை ஆக்சைடு என்ற வாயுவாகிப் புகைபோக்கி வழியே போய்விடும். அதில் நூற்றில் சில பங்குதான் அடுத்த படிக்கு, ட்ரை ஆக்சைடாக, ஏறும். குடுவைக்குள் அப்படி இல்லை. அவ்வளவு ஆக்சிஜன், அவ்வளவு அழுத்தம், கூடவே தண்ணீர் என்பதால் கந்தகம் முழுவதும் கந்தக அமிலம் வரைக்கும் போய்விடுகிறது. அப்படிப் போகும்போது கூடுதல் சூடு வருகிறது. கந்தகம் முதலில் எரிந்தபோது வந்த சூட்டுக்கு ஏறக்குறைய சமமான இன்னொரு பங்கு. பாய்லரில் ஒருநாளும் கிடைக்காத சூடு அது. வாளித் தண்ணீருக்கு அந்த வித்தியாசம் தெரியாது, எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டிவிடும்.

3 சதவீதக் கந்தகம் உள்ள நிலக்கரிக்கு இந்தப் பொய்ச் சூடு கிலோவுக்கு 65 முதல் 70 கிலோகலோரி வரை வரும். பார்க்கச் சின்ன எண். ஆனால் இந்தியாவில் 2012 முதல் நிலக்கரி விலை மொத்த வெப்ப மதிப்பின் (புகையிலுள்ள நீராவி தண்ணீராகும்போது விடுகிற சூட்டையும் சேர்த்தது) தரவரிசையில் நடக்கிறது. 7,000-க்கு மேல் என்றால் ஜி-1, அதற்குக் கீழே 300 கிலோகலோரிக்கு ஒரு படி இறங்கி ஜி-17 வரை. எல்லைக்கோட்டில் நிற்கும் சரக்கை 65 கிலோகலோரி ஒரு படி மேலே தூக்கிவிடும். அதனால்தான் முறையாக நடக்கும் ஆய்வகங்கள் அலசிய தண்ணீரில் அமிலத்தை அளந்தோ, கந்தகத்தைத் தனியாகச் சோதித்தோ அந்தப் பங்கைக் கழித்துவிடுகின்றன. விற்றவன் அறிக்கையும் வாங்கியவன் அறிக்கையும் ஒத்துப்போகாதபோது, இரண்டு பேரும் இந்தக் கழித்தலைச் செய்தார்களா என்று முதலில் கேட்பது நல்லது. நம் உள்நாட்டு நிலக்கரியில் பெரும்பாலும் கந்தகம் அரை சதவீதம்தான் என்பதால் இது பெரிதாக இடிக்காது. அசாம் சரக்குக்கும் பெட்கோக்குக்கும் கட்டாயம் இடிக்கும்.

இதுவரை பார்த்தது காகிதத்தில் வரும் எண். கந்தகம் உண்மையில் சூட்டைத் தின்னும் இடம் பாய்லரின் பின்பக்கம்.

புகையில் இருக்கும் அந்தக் கொஞ்சம் ட்ரை ஆக்சைடு, புகையிலுள்ள நீராவியோடு சேர்ந்து கந்தக அமில ஆவியாகும். சாதாரண நீராவி, புகை 50 டிகிரிக்குப் பக்கத்தில் ஆறினால்தான் பனியாகப் படியும். அமில ஆவி கலந்துவிட்டால் 120 முதல் 150 டிகிரியிலேயே படிய ஆரம்பித்துவிடும். படிகிற இடம் எக்கனமைசர் குழாய் (புகையின் சூட்டில் பாய்லர் தண்ணீரைச் சூடாக்குவது), ஏர் ப்ரீஹீட்டர் (அதே சூட்டில் எரிக்கும் காற்றைச் சூடாக்குவது), புகைபோக்கியின் உட்சுவர். இரும்பும் கந்தக அமிலமும் ஒரே வீட்டில் குடியிருக்க முடியாது. எனவே புகையை அந்த வெப்பத்துக்குக் கீழே ஆறவிடாமல், இன்னும் உறிஞ்சியெடுக்கக்கூடிய சூட்டோடு வானத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. எரிசக்தித் தணிக்கையாளர்கள் வாய்ப்பாடு மாதிரிச் சொல்லும் ஒரு கணக்கு: புகையின் வெப்பம் 22 டிகிரி கூடினால் பாய்லர் திறனில் ஒரு சதவீதம் போச்சு. 110 டிகிரியில் விட்டிருக்கக்கூடிய புகையை 170இல் விட்டால், கிட்டத்தட்ட 2.7 சதவீதம்.

இதைக் கற்றுக்கொண்ட விதம் சொல்கிறேன். ஒரு ஆலை, பெயர் வேண்டாம். ஃபர்னஸ் ஆயில் பாய்லர். புகை 180 டிகிரியில் போகிறது, எவ்வளவு வீண் என்று யாரோ கணக்குப் போட்டுக் காட்ட, எக்கனமைசரில் இன்னும் இரண்டு வரிசை குழாய் சேர்த்தார்கள். புகை 125-க்கு இறங்கியது, எண்ணெய்ச் செலவு குறைந்தது, எல்லாருக்கும் சந்தோஷம். அடுத்த ஆண்டுப் பராமரிப்பில் திறந்தபோது கடைசி வரிசைக் குழாய்களைச் சுரண்டினால் துரு அப்பளம் மாதிரி உதிர்ந்தது. "சார், விரல் போகுது பாருங்க" என்று ஃபிட்டர் குழாயில் விழுந்த ஓட்டையைக் காட்டினார். அந்த ஒரு வருடம் மிச்சம் பிடித்த எண்ணெய்க் காசு குழாய்க்கே போனது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நேரடி இழப்பு கந்தகத்தின் சதவீதத்தோடு சீராக ஏறும். இந்தப் பின்பக்க இழப்பு அப்படி ஏறாது. கந்தகம் கொஞ்சமே இருந்தாலும் பனிபடும் வெப்பம் மளமளவென்று ஏறிவிடும், அதற்குமேல் எவ்வளவு சேர்த்தாலும் மெதுவாகத்தான் ஏறும். முதல் அரை சதவீதம்தான் பெரிய குறும்பு செய்கிறது. ஆகவே அரை சதவீதக் கந்தகம் உள்ள நிலக்கரியில் நேரடியாகப் போகிற சூடு கிள்ளுக்கீரை, புகையோடு போவதுதான் பெரிது. கந்தகமே இல்லாத இயற்கை எரிவாயுவில் புகையை 50 டிகிரிக்குக் கீழேயும் ஆறவிட்டு, நீராவி தண்ணீராகும்போது விடுகிற சூட்டைக்கூடப் பிடிக்கிற பாய்லர்கள் உண்டு. மீத்தேனில் அந்தப் பங்கு மட்டும் மொத்தத்தில் பத்து சதவீதம்.

இதோடு சிம்னிப் புகையைச் சுத்தம் செய்யும் செலவும் இருக்கிறது. கந்தகம் எரிந்தால் எடை இரண்டு மடங்காகும். 3 சதவீதக் கந்தகம் உள்ள ஒரு டன் நிலக்கரி 60 கிலோ கந்தக டை ஆக்சைடு விடும். சுண்ணாம்புக் கரைசலைத் தூவி அதைப் பிடிக்கும் கருவி, மின்நிலையம் உற்பத்தி செய்யும் மின்சாரத்தில் ஒன்று முதல் இரண்டு சதவீதத்தை விழுங்கும். இந்தியாவில் 2015இல் இதற்கான வரம்பு வந்து, தேதி தள்ளிக்கொண்டே போய், 2025இல் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பது அப்போது சொல்லப்பட்ட வாதங்களில் ஒன்று. சதவீதம் குறைவுதான், ஆனால் சாம்பல் நிலக்கரியை எத்தனை டன் கூடுதலாக எரிக்கிறோம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டாமா என்பது என் கேள்வி.

திரவ எரிபொருளுக்கு வருவோம். எடைக்கும் லிட்டருக்கும் சண்டை வருவது இங்கேதான்.

கப்பல் எண்ணெய்க்கு ஐஎஸ்ஓ 8217 என்று ஒரு தரநிலை. எண்ணெயை எரித்துப் பார்க்காமலே, அடர்த்தி, கந்தகம், நீர், சாம்பல் ஆகியவற்றை வைத்து வெப்ப மதிப்பைக் கணக்கிட அதில் ஒரு சூத்திரம் இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்த்தால் நாம் மேலே சொன்னதே எழுதியிருக்கும்: முதலில் கந்தகத்தின் எடையை எண்ணெயிலிருந்து கழி, அப்புறம் கந்தகத்துக்குக் கிலோவுக்கு 9.42 மெகாஜூல் என்று திருப்பிச் சேர். இடம் பிடிக்கிறது, கால் கூலிக்கு உழைக்கிறது. கந்தகம் எரிந்தால் தண்ணீர் உண்டாவதில்லை என்பதால் மொத்த மதிப்புக்கும், நீராவியின் சூட்டைச் சேர்க்காத நிகர மதிப்புக்கும் அதே 9.42தான்.

கன மீட்டருக்கு 991 கிலோ அடர்த்தியுள்ள கனமான எண்ணெய், கந்தகம் 3.5 சதவீதம், நீரும் சாம்பலும் இல்லை என்று வைத்தால் நிகர மதிப்பு கிலோவுக்கு 40.1 மெகாஜூல் வருகிறது. அதே அடர்த்தியில் கந்தகத்தை மட்டும் 0.5 ஆக்கினால் 41.0. ஒரு சதவீதக் கந்தகத்துக்குச் சுமார் 0.32 மெகாஜூல். நாளைக்கு 50 டன் எரிக்கும் கப்பலுக்கு 3.5-க்கும் 0.5-க்கும் உள்ள வித்தியாசம் ஒரு டன் எண்ணெய்க்குச் சற்று மேல்.

உலகக் கப்பல்கள் எல்லாம் 2020 ஜனவரி 1 முதல் 3.5-லிருந்து 0.5-க்கு மாறின. புகைபோக்கியில் கழுவும் கருவி வைத்துக்கொண்டவர்கள் மட்டும் பழையதையே எரிக்கலாம். ஆனால் புதிய எண்ணெயின் அடர்த்தியும் குறைந்துபோனது. 940 என்று வைத்து அதே சூத்திரத்தைப் போட்டால் கிலோவுக்கு 41.7 மெகாஜூல். லாபம்தானே? லிட்டருக்கு மாற்றிப் பாருங்கள். பழைய கனமான எண்ணெய் லிட்டருக்கு 39.7, புதியது 39.2. எடையில் ஏறியது, கொள்ளளவில் இறங்கிவிட்டது! டன் கணக்கில் காசு கொடுப்பவருக்கு லாபம், தொட்டியில் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று பார்ப்பவருக்கு நஷ்டம்.

நம் ஊரில் அதே ஆண்டு ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6, அதாவது வாகனப் புகைக்கான பாரத் ஸ்டேஜ்-6 விதி, வந்தது. டீசலில் கந்தகம் 10 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் பத்து பங்கு. 2000ஆம் ஆண்டு வாக்கில் அது 2,500 ஆக இருந்தது. பிஎஸ்-6 டீசல் போட்டதிலிருந்து மைலேஜ் அடிபட்டுப் போச்சு என்று டீக்கடை பெஞ்சுகளில் ஒரு புலம்பல் உண்டு. கந்தகம் போனதால் சூடு போனதா? 2,500-லிருந்து 10-க்கு வந்ததால் டீசலின் வெப்ப மதிப்பு எடைக்கணக்கில் 0.2 சதவீதம் கூடியிருக்க வேண்டும், குறைந்திருக்க முடியாது. பிஎஸ்-4இன் 50-லிருந்து 10-க்கு வந்ததில் எந்தக் கருவியாலும் அளக்க முடியாத மாற்றம்.

ஆனால் கந்தகத்தை எடுக்கும் விதத்தில் ஒரு விஷயம் இருக்கிறது. டீசலை 300 முதல் 400 டிகிரியில், நல்ல அழுத்தத்தில், ஹைட்ரஜனோடு சேர்த்துக் கோபால்ட்-மாலிப்டினம் வினையூக்கியின் மேல் ஓடவிடுகிறார்கள். ஹைட்ரஜன் கந்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு போகும்போது, டீசலில் உள்ள வளைய மூலக்கூறுகள் சிலவற்றிலும் போய் ஒட்டிக்கொள்கிறது. அதனால் டீசல் கொஞ்சம் லேசாகிவிடும். கிலோவுக்குச் சூடு கூடும். பங்க்கில் நாம் வாங்குவதோ லிட்டர். லிட்டருக்கு ஒரு சதவீதம் வரை குறையலாம். அதற்கு மேல் மைலேஜ் போயிருந்தால் எஞ்சினையும் சைலன்சரில் உட்கார்ந்திருக்கும் புகை வடிகட்டியையும்தான் கேட்க வேண்டும். கந்தகச் சேர்மங்களோடு எண்ணெயின் வழுவழுப்பும் கொஞ்சம் போய்விடுவதால், பம்பு தேயாமல் இருக்க அதற்கென்று தனி மருந்து கலக்கிறார்கள்.

வாயுக்களைப் பற்றிச் சுருக்கமாக. ஹைட்ரஜன் சல்ஃபைடு, அழுகிய முட்டை நாற்றக்காரன், அதுவும் எரியும். ஒரே கொள்ளளவில் மீத்தேன் தருவதில் அறுபது சதவீதத்துக்குச் சற்று மேல் சூடு தரும். சாண எரிவாயுவில் இது கொஞ்சம் இருந்தால் அடுப்புக்கு ஒன்றும் ஆகாது, ஜெனரேட்டர் எஞ்சினை அரித்துவிடும். சமையல் கேஸ் சிலிண்டரில் கசிவு தெரிவதற்காக எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தை வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். அது துளி அளவு. சூட்டுக்கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

மிச்சம் ஒரு கேள்வி. டீசலிலிருந்து பிடுங்கிய கந்தகம் எங்கே போகிறது? மணலி மாதிரியான சுத்திகரிப்பு ஆலைகளில் அது மஞ்சள் கந்தகமாகவே திரும்ப வருகிறது. அதில் பெரும்பங்கு கந்தக அமிலம் செய்யப் போகிறது, அமிலம் உரத்துக்குப் போகிறது. அமில ஆலையில் முதல் வேலையே கந்தகத்தைச் சூளையில் பீய்ச்சி எரிப்பதுதான். அங்கே அது அழுக்கு இல்லை, எரிபொருள். எரியும் சூடு, ட்ரை ஆக்சைடாகும் சூடு, தண்ணீரோடு சேர்ந்து அமிலமாகும் சூடு, மூன்றையும் கூட்டினால் கிலோவுக்கு 16.5 மெகாஜூல், அதாவது சுமார் 3,900 கிலோகலோரி. கடைசிப் படியின் சூடு பல ஆலைகளில் குளிர்நீரோடு போய்விடும். முதல் இரண்டை வைத்தே நீராவி போட்டு டர்பைன் ஓட்டுகிறார்கள். நிலக்கரியில் கால் கூலிக்காரனாக இருந்த அதே கந்தகம், இங்கே தால்ச்சர் நிலக்கரிக்குக் கிலோவுக்குக் கிலோ கிட்டத்தட்டச் சமமாக நிற்கிறது. சாம்பல்கூட இல்லை.